சய ஒன்று எங்கே போனது?

(எமது வானொலியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக ஏப்ரல் மாதம் நெருங்கும்போது வரிக் கணக்கு, வீட்டுக் கடன், ஓய்வூதியம் என்றுதான் இந்த நேரத்தில் உங்களோடு கதைப்பேன். இந்த மாதம் கொஞ்சம் மாறி, கணனி பற்றிக் கதைக்கப் போகிறேன். நான் படித்தது வர்த்தகம், தொழில் கணக்கு. கணக்குக்காரனுக்குக் கணனியின் உள்வீட்டில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். உரை முடியும்போது அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

இந்த நாட்டிலே எங்கள் வீடுகளில் கணனித் துறைக்குப் போன பிள்ளை ஒன்றாவது இருக்கும். அந்தப் பிள்ளை சில நாட்களில் சாப்பாட்டு மேசையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும். என்ன பிள்ளை என்று கேட்டால், "கம்பைலரை அப்கிரேட் பண்ணினம், என்ர மெசினில பில்ட் ஆகுது, ஆர்ம் மெசினில பில்ட் ஆகுதில்லை" என்று பதில் வரும். அம்மாவும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். இன்றைக்கு அந்த ஒரு வசனத்தைத்தான் விளக்கப் போகிறேன். அதற்குக் கணனிப் படிப்புத் தேவையில்லை, பேரேடு பார்த்த அனுபவம் போதும்.

முதலில் மூன்று சொற்கள். மனிதர் எழுதும் நிரலைப் புரொசசருக்கு விளங்கும் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். பலரும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய வேலைகளை எழுதி ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது லைப்ரரி. படத்தைத் திறக்க ஒன்று, ஒலியைச் சுருக்க ஒன்று என்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மூன்றாவது, புரொசசர்களின் குடும்பங்கள். மேசைக் கணனிகளில் பெரும்பாலும் இன்டெல் குடும்பம். கைத்தொலைபேசிகளில் ஆர்ம் குடும்பம். வங்கிகளின் பெரிய இயந்திரங்களில் ஐபிஎம் குடும்பம். ஒரே நிரலை ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகக் கம்பைலர் மாற்றித் தரவேண்டும். இந்த மாற்றும் வேலையைத்தான் பிள்ளைகள் 'பில்ட்' என்கிறார்கள்.

இப்போது பிரச்சினைக்கு வருவோம். சி என்ற நிரல் மொழியை 1970களின் ஆரம்பத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி உருவாக்கினார். அதில் எழுத்துக்களை வைப்பதற்கென்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதன் பெயர் 'சார்'. வாத்தியாரைக் கூப்பிடும் சார் அல்ல, எழுத்து என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். இந்தப் பெட்டிக்குள் 256 வகையான இலக்கங்களில் ஏதாவது ஒன்றை வைக்கலாம். அந்த 256ஐ இரண்டு விதமாக எண்ணலாம். ஒன்று, பூச்சியம் தொடக்கம் 255 வரை. மற்றது, சய 128 தொடக்கம் சக 127 வரை. முதலாவதில் சயக் குறிக்கு இடமில்லை. இரண்டாவதில் உண்டு.

கணக்குப் படித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஒரு பேரேட்டில் தொகை எழுதும் நிரலிலே சய எழுதலாமா, கூடாதா என்று முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். அதைத் தீர்மானிக்காமல் இரண்டு கிளைகளுக்கு ஒரே புத்தகத்தைக் கொடுத்தால் என்ன நடக்கும்? ஒரு கிளையில் 'சய ஒன்று' என்று எழுதியது மற்றக் கிளையில் '255' என்று வாசிக்கப்படும். தாளிலே இருக்கும் மை ஒன்றுதான். வாசிப்பு வேறு.

சி மொழியில் நடந்தது இதுதான். ரிச்சி பயன்படுத்திய பிடிபி-11 என்ற கணனியில் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து எடுத்தால் சயக் குறியோடுதான் வரும். ஆகவே அங்கே சய உண்டு. ஐபிஎம் இயந்திரங்களில் ஆங்கில எழுத்துக்களே 127க்கு மேற்பட்ட இலக்கங்களில் இருந்தன. அங்கே பெரிய ஏ எழுத்தின் இலக்கம் 193. சய உண்டு என்று வைத்தால் ஏ, பீ, சீ எல்லாமே கடன்காரராகிவிடும். ஆகவே அங்கே சய இல்லை. பிறகு 1985இல் நாம் வாழும் இந்த நாட்டின் கேம்பிரிட்ஜ் நகரில் ஏகோர்ன் நிறுவனத்தார் முதலாவது ஆர்ம் சிப்பைச் செய்தார்கள். அதில் சின்னப் பெட்டியைச் சயக் குறியோடு எடுப்பதற்குத் தனிக் கட்டளை இருக்கவில்லை. சய இல்லாமல் எடுப்பதே சுலபம். அங்கும் சய இல்லை என்று வழக்கமாகிவிட்டது.

1989இல் அமெரிக்காவில் சி மொழிக்குத் தர நிர்ணயம் எழுதினார்கள். அந்த நேரம் இரண்டு பக்கத்திலும் ஏராளமான நிரல்கள் புழக்கத்தில் இருந்தன. யாரையும் முறிக்க விரும்பாமல், 'சார்' பெட்டியில் சய உண்டா இல்லையா என்பதை அந்தந்தக் கம்பைலர் தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். எங்கள் ஊரில் எல்லைக் கல் நடாமல் காணியைப் பிரித்துக் கொடுத்த பெரியவர்களின் கதைதான். அன்றைக்குச் சண்டை வரவில்லை. பேரப்பிள்ளைகளின் காலத்தில் வந்தது.

உலகத்து நிரலாளர்களில் மிகப் பலர் இன்டெல் கணனியில் எழுதினார்கள். இன்டெல்லில் வழக்கம், சய உண்டு. ஆகவே 'சார்' என்றால் சய எழுதலாம் என்று பலர் எண்ணிக்கொண்டார்கள். தங்கள் மேசையில் ஓடியது, வாடிக்கையாளர் மேசையிலும் ஓடியது, அதற்கு மேல் யோசிக்க ஒரு காரணமும் இருக்கவில்லை. இந்த இடத்தில் புதிய கம்பைலர் வந்து கதவைத் தட்டியது.

ஜிசிசி என்பது 1987இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் வெளியிட்ட இலவசக் கம்பைலர். லினக்ஸ் உலகம் பெரும்பாலும் அதன் மேல்தான் நிற்கிறது. அதன் ஆறாவது பதிப்பு 2016 ஏப்ரல் 27ஆம் திகதி வந்தது. சி மொழியின் தம்பியான சி ப்ளஸ் ப்ளஸ் மொழிக்கு, அதுவரை 1998ஆம் ஆண்டின் விதிகளையே அது வழக்கமாகப் பின்பற்றியது. ஆறாவது பதிப்பில் இருந்து 2014இன் விதிகளைப் பின்பற்றத் தொடங்கியது. 2011இல் நுழைந்த ஒரு விதி அதற்குள் இருந்தது: அடைப்புக்குறிக்குள் பட்டியலாக இலக்கங்களைக் கொடுத்து நிரப்பும்போது, பெட்டிக்குள் அடங்காத இலக்கத்தை அமுக்கித் திணிக்கக்கூடாது. திணித்தால் அது எச்சரிக்கையோடு நிற்காது, பிழை என்று கணக்காகும். பில்ட் நின்றுவிடும்.

விளைவைப் பாருங்கள். ஒரு நிரலில் 'சார்' பட்டியல் ஒன்றுக்குள் சய ஒன்று என்று எழுதியிருக்கிறார்கள். இன்டெல்லில் சய ஒன்று பெட்டிக்குள் அடங்கும், பில்ட் முடியும். அதே வரி, அதே கம்பைலர், ஆர்மிலும் ஐபிஎம்மிலும் அடங்காது, பில்ட் நிற்கும். டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டின் ஒன்பதாவது பதிப்பு இந்தக் கம்பைலரோடு 2017 ஜூன் 17இல் வெளிவந்தது. அது பத்துப் புரொசசர் வகைகளுக்கு வெளியிடப்பட்டது. அவற்றில் ஐந்தில் சய உண்டு, ஐந்தில் இல்லை. தங்களிடம் ஒழுங்காக ஓடும் லைப்ரரி பாதி இயந்திரங்களில் ஏன் நிற்கிறது என்று பல நிரலாளர்கள் அந்தக் காலத்தில் தலையைச் சொறிந்தார்கள்.

எங்கள் வானொலி நிலையத்திலும் இது எட்டிப்பார்த்தது. எங்களிடம் ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவு கணனி ஒன்று இருக்கிறது. அதுவும் கேம்பிரிட்ஜில் பிறந்ததுதான். 2012 பெப்ரவரி 29இல் விற்பனைக்கு வந்தது, உள்ளே ஆர்ம் புரொசசர். எங்களைப் போலத் தொண்டர்களின் காசில் ஓடும் நிலையங்களுக்கு அது பெரிய உபகாரம். மரண அறிவித்தல்களோடு குடும்பத்தார் அனுப்பும் புகைப்படங்களை எடுத்து எங்கள் இணையப் பக்கத்தில் போடுவது அதன் வேலைகளில் ஒன்று. இந்தப் படங்களின் பெறுமதி உங்களுக்குத் தெரியும். இறுதிக் கிரியைக்கு வரமுடியாமல் யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் இருக்கும் உறவுகள் கடைசியாக அந்த முகத்தைப் பார்ப்பது அந்தப் பக்கத்தில்தான்.

நெடுநாளாக ஒரு முறைப்பாடு இருந்தது. எங்கள் இணையப் படிவத்தால் வரும் படங்கள் நன்றாக இருக்கும். மின்னஞ்சலில் வரும் படங்கள் பல சிதைந்து தெரியும். அதே மின்னஞ்சலை மடிக்கணனியில் திறந்தால் படம் சுத்தமாக இருக்கும். யாராவது ஒரு தொண்டர் அதை எடுத்து மறுபடி ஏற்றிவிடுவார், காரியம் முடியும்.

2017 ஆகஸ்டில் ராஸ்பெரி பையின் இயங்குதளம் புதிய டெபியனுக்கு மாறியது. நிலையத்துத் தம்பி ஒருவர் அதை ஏற்றிவிட்டு, படங்களை விரிக்கும் சின்ன லைப்ரரியை மறுபடி பில்ட் செய்தார். நின்றுவிட்டது. சய ஒன்றை இந்தப் பெட்டிக்குள் குறுக்க முடியாது என்ற கருத்தில் ஒரே செய்தி, பட்டியலின் ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்றாக, திரை நிறைய.

தம்பி அந்த வரியைத் திறந்து எனக்குக் காட்டினார். எனக்கு நிரல் எழுதத் தெரியாது, ஆனால் அட்டவணை வாசிக்கத் தெரியும். மின்னஞ்சல் படத்தை 64 குறிகளால் எழுதி அனுப்புகிறது. அட்டவணை ஒவ்வொரு குறிக்கும் ஒரு பெறுமதி சொல்கிறது. அந்த 64க்குள் சேராத குறிக்குச் சய ஒன்று, அதாவது 'இதைக் கணக்கில் எடுக்காதே, தாண்டிப் போ'. மின்னஞ்சல் வழக்கப்படி ஒரு வரி 76 குறிகளைத் தாண்டக்கூடாது, பிறகு அடுத்த வரி. வரி முறியும் இடத்தில் இருப்பது அந்த 64க்குள் சேராத குறி. அதைத் தாண்டிப் போகவேண்டும். நிரல் கேட்கிறது: பெறுமதி பூச்சியத்துக்குக் கீழா? இன்டெல்லில் ஆம், தாண்டிப் போகிறது. ராஸ்பெரி பையில் சய ஒன்று 255 ஆகிவிட்டது. பூச்சியத்துக்குக் கீழே எதுவுமே இல்லை. வரி முறிவும் படத்தின் பகுதியாகச் சேர்ந்துவிடுகிறது. இணையப் படிவம் எல்லாவற்றையும் ஒரே வரியில் அனுப்பியது, அதனால் தப்பியது.

புதிய கம்பைலர் எதையும் உடைக்கவில்லை. ஏற்கெனவே உடைந்திருந்ததை மூடிக்கொண்டு போக மறுத்தது, அவ்வளவுதான். பழைய கம்பைலர் நல்ல பிள்ளையாகக் கட்டிக் கொடுத்த லைப்ரரிதான் இத்தனை காலமும் இறந்தவர்களின் முகங்களைச் சிதைத்துக்கொண்டிருந்தது. ஒரு நிறுவனத்துக்குப் புதிய கணக்காய்வாளர் வந்து ஐந்தொகையில் கையெழுத்து வைக்க மறுத்தால், முதல் வாரம் எல்லோரும் அவரைத்தான் திட்டுவார்கள். எனக்கு அந்த அனுபவம் நிறைய உண்டு.

திருத்துவதற்கு மூன்று வழிகள் இருந்தன. இந்த மூன்றையும் பிள்ளைகள் கவனமாகக் கேட்கவேண்டும்.

முதலாவது, இந்தப் பிழையைச் சொல்லாதே என்று கம்பைலருக்கு ஒரு கட்டளை கொடுக்கலாம். பில்ட் முடியும், படம் தொடர்ந்து சிதையும். பரீட்சை மீதி சமப்படாதபோது வித்தியாசத்தைத் தொங்கல் கணக்கில் போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போவது போன்றது. தொங்கல் கணக்கு ஒரு இரவுக்குச் சரி, ஆண்டு முடிவுக்குச் சரியல்ல.

இரண்டாவது, இந்த நிரலுக்கு மட்டும் எல்லாச் 'சார்' பெட்டிகளிலும் சய உண்டு என்று கம்பைலருக்குச் சொல்லலாம். வேலை செய்யும். ஆனால் அந்தக் கட்டளை நிரலுக்குள் இல்லை, அதைக் கட்டுகிறவரின் ஞாபகத்தில் இருக்கிறது. அடுத்த தடவை வேறொருவர் கட்டும்போது மறந்துபோகும்.

மூன்றாவது, நிரலிலேயே 'சைன்ட் சார்', அதாவது சயக் குறியுள்ள சார், என்று ஒரு சொல்லைச் சேர்த்து எழுதுவது. இனி எந்தக் குடும்பத்துப் புரொசசரும் அதை வேறுவிதமாக வாசிக்க முடியாது. தம்பி இதைத்தான் செய்தார். ஒரே ஒரு சொல். அந்தத் திருத்தத்தை லைப்ரரியை எழுதியவருக்கும் அனுப்பி வைத்தார், அவரும் ஏற்றுக்கொண்டார். மின்னஞ்சல் படங்கள் அன்றில் இருந்து ஒழுங்காக வருகின்றன.

இனித் தமிழுக்கு வருகிறேன். யுனிகோட் எழுத்துக்களை இணையத்தில் பெரும்பாலும் யூடிஎஃப்-8 என்ற முறையில் எழுதுகிறார்கள். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பெட்டி, இலக்கம் 127க்குள். எங்கள் 'அ' எழுத்துக்கு மூன்று பெட்டிகள். அவற்றின் இலக்கங்கள் 224, 174, 133. மூன்றும் 127க்கு மேல். சய உள்ள கணனியில் இவை சய 32, சய 82, சய 123 என்று வாசிக்கப்படும். தமிழ் எழுத்துக்கள் அனைத்தும் இப்படித்தான், முதல் பெட்டி எப்போதும் 224.

இதன் பொருள் என்ன? ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்க்கும் நிரலாளருக்குச் சய உண்டோ இல்லையோ ஒரு வித்தியாசமும் தெரியாது, எல்லாம் 127க்குள் அடங்கிவிடும். ஒரு தமிழ்ப் பெயர் உள்ளே வந்த கணத்தில் பெட்டிகள் சயமாகின்றன. இது எழுத்தா, இலக்கமா, இடைவெளியா என்று அட்டவணையில் தேடும் நிரல், பூச்சியத்துக்குக் கீழே போய் அட்டவணைக்கு வெளியே தேடுகிறது. பெயர் குழம்பும், அல்லது நிரலே விழுந்துவிடும்.

இன்னொரு வேடிக்கை. சி ப்ளஸ் ப்ளஸ் மொழியில் ஒரு 'சார்' பட்டியலுக்குள் 224, 174, 133 என்று 'அ' எழுத்தின் இலக்கங்களை நேரே எழுதிப் புதிய கம்பைலரிடம் கொடுங்கள். ராஸ்பெரி பை ஏற்றுக்கொள்ளும். இன்டெல் பிழை என்று நிறுத்தும். சய ஒன்றுக்கு நேர் எதிர்! ஆகவே இதில் எந்த இயந்திரமும் குற்றவாளி அல்ல. இரண்டும் தங்கள் வழக்கப்படி நடக்கின்றன. வழக்கத்தைச் சட்டம் என்று எண்ணி எழுதியதில்தான் கோளாறு.

அது வழக்கம்தான் என்பதற்கு அப்பிள் நல்ல சாட்சி. 2020 நவம்பரில் அப்பிள் நிறுவனம் தன் மாக் கணனிகளை இன்டெல்லில் இருந்து ஆர்ம் வகைக்கு மாற்றத் தொடங்கியது. லினக்ஸில் ஆர்ம் என்றால் சய இல்லை. அப்பிளின் ஆர்மிலோ சய உண்டு. ஒரே குடும்பத்துப் புரொசசர், வீட்டுக்கு வீடு வேறு வழக்கம். லினக்ஸின் கருநிரலை எழுதுகிறவர்கள் இந்தக் குழப்பத்துக்கு ஒரு முடிவு கட்டினார்கள். 2023 பெப்ரவரியில் வந்த 6.2 பதிப்பில் இருந்து, எந்தப் புரொசசராக இருந்தாலும் கருநிரலுக்குள் 'சார்' என்றால் சய இல்லை என்று தீர்மானித்துவிட்டார்கள். காணிக்கு எல்லைக் கல் நட்ட கதை.

இப்படியான தகராறு இந்த ஒரு பெட்டியோடு முடிவதும் இல்லை. 2024 மே மாதம் வந்த ஜிசிசி 14, முன்கூட்டி அறிவிக்காத செயற்கூறுகளைக் கூப்பிடுவதைப் பிழை என்று நிறுத்தத் தொடங்கியது. 1999இலேயே சி மொழியின் விதிகளில் இருந்து எடுத்துவிட்ட பழக்கம் அது. அறிவிக்காத செயற்கூறு சாதாரண முழு எண் ஒன்றைத்தான் தரும் என்று பழைய கம்பைலர்கள் தாங்களாகவே எண்ணிக்கொள்ளும். உண்மையில் அது நினைவகத்தின் முகவரி ஒன்றைத் தந்தால், 32 பிட் கணனியில் பாதகமில்லை, இரண்டும் ஒரே அளவு. 64 பிட் கணனியில் முகவரியின் பாதி வெட்டுப்பட்டுப் போகலாம். பாதி முகவரியோடு தபால் போட்டால் எங்கே போய்ச் சேரும் என்பதை, அடிக்கடி வீடு மாறிய எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

கடைசியாக, பிள்ளைகளுக்கும் எங்களைப் போன்ற சிறிய அமைப்புகளில் கணனி பார்க்கும் தொண்டர்களுக்கும் நான்கு விடயங்கள்.

பில்ட் நின்றால் முதலாவது பிழைச் செய்தியை வாசியுங்கள். கடைசிச் செய்தி பெரும்பாலும் முதலாவதன் எதிரொலி. பரீட்சை மீதி சமப்படாவிட்டால் அடியில் இருந்து தேடாமல் முதற் பதிவில் இருந்து தேடுவது போல.

என்ன புரொசசர், கம்பைலரின் எந்தப் பதிப்பு என்று எழுதி வையுங்கள். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொன்னால் உதவி செய்ய நினைப்பவருக்கும் வழி தெரியாது.

எச்சரிக்கையை அடக்குவதாக இருந்தால், ஏன் அடக்கினோம், எப்போது திருத்துவோம் என்று பக்கத்திலேயே எழுதி வையுங்கள். தொங்கல் கணக்குக்கும் ஒரு குறிப்பு வேண்டும்.

நான்காவதுதான் முக்கியம். நீங்கள் எழுதும் நிரலைச் சோதிக்கும்போது ஒரு தமிழ்ப் பெயரைப் போட்டுப் பாருங்கள். உங்கள் அம்மம்மாவின் பெயரைப் போடுங்கள். முடிந்தால் இன்டெல்லிலும் ஒரு ராஸ்பெரி பையிலும் ஓட்டிப் பாருங்கள். வேலைத்தலத்தில் உங்கள் பக்கத்தில் இருப்பவருக்கு இந்த யோசனை வர நியாயமில்லை, அவருடைய பெயர் 127க்குள் அடங்கிவிடும். எங்கள் பெயர்கள் அடங்காது. ஆகவே இந்தச் சோதனையை நாங்கள் செய்தால்தான் உண்டு. நாங்கள் கண்டுபிடித்துத் திருத்தி அனுப்பும் ஒரு சொல், சிங்களத்தில், அரபியில், சீனத்தில் பெயர் எழுதுகிறவர்களுக்கும் சேர்த்துப் பயன்படும்.

அடுத்த மாதம் வழக்கம்போல வரிக் கணக்கோடு வருகிறேன். பற்றுச்சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.